ரத்தம் கொடுத்தவர்களிடம் சொல்லவில்லை

காட்பாடி ஜங்ஷன் நம்மவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. பண்டிகை நாட்களில் பெங்களூரில் இருந்து மூட்டை முடிச்சுடன் கிளம்பும் கூட்டத்தில் ஒரு பெரும் பங்கு அங்கேதான் இறங்கி, வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ் பிடிக்கிறது.

1986-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு நாள், சென்னையில் இருந்து ராத்திரி ரெயிலில் வந்த கணவனும் மனைவியும் அந்த ஜங்ஷனில் இறங்கினார்கள். ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனைவியின் பெயர் டாக்டர் நிர்மலா. வயது 32. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேல்படிப்பு மாணவி. அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் இருந்தவை ரத்த மாதிரிகள்.

இந்தியாவில் எயிட்ஸ் கிருமி இருக்கிறது என்பது அந்த ரத்தத்தில் இருந்துதான் முதன்முதலாகத் தெரிந்தது.

இது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்திதான். நிர்மலாவையும், அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனையும் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். நியாயமான பாராட்டு. ஆனால் அந்த ரத்தம் யாருடையது, என்ன சொல்லி அதை எடுத்தார்கள், பிறகு அப்படிப்பட்ட பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சி நிலையமுமாக இருக்கும் பெங்களூரில் வாழும் நாம், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ரத்தமும் நம் படமும் நம் வியாதியின் கதையும் நாளைக்கு ஏதாவது மருத்துவப் பத்திரிகையில் ஏறலாம். சிலருடையது இன்றைக்கே ஏறியிருக்கும்.

மயிலாப்பூர் இல்லம்

அமெரிக்காவில் 1982 முதலே எயிட்ஸ் நோயாளிகளைக் கணக்கெடுத்து வந்தார்கள். நம் நாட்டில், "அது மேல்நாட்டு வியாதி. நம் ஒழுக்கத்துக்கு அது இங்கே வராது" என்ற பேச்சு இருந்தது. மேல்படிப்பு ஆய்வுக்குத் தலைப்பு தேடிய நிர்மலாவிடம், "இங்கே இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்" என்ற யோசனையைச் சொன்னவர் சுனிதி சாலமன். நோய் தொற்ற வாய்ப்புள்ளவர்களிடம் இருந்து 200 ரத்த மாதிரிகள் எடுப்பது திட்டம்.

பம்பாய் போல சென்னையில் இதற்கென்று ஒரு தெரு கிடையாது. நிர்மலா ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களில் சிலருடன் பழகினார். அவர்கள் சீட்டுகளில் பலவற்றில் முகவரி என்ற இடத்தில் ஒரே இடம்தான் எழுதியிருந்தது: விஜிலென்ஸ் ஹோம். விபசார வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்து வைக்கும் அரசாங்க இல்லம். மயிலாப்பூரில் இருந்தது.

கணவர் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அங்கே இறக்கி விடுவார். பஸ் காசு மிச்சம். மூன்று மாதத்தில் 80 பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார் நிர்மலா. கையுறை கிடையாது. வேறு பாதுகாப்பும் கிடையாது. எடுத்த ரத்தத்தில் இருந்து பிரித்த நீரைத் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தார். ஒரு இளம் டாக்டர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை இது என்பதில் சந்தேகம் இல்லை.

வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் சோதித்தார்கள். ஆறு பேரின் ரத்தத்தில் கிருமி இருப்பதாகக் காட்டியது. இல்லத்துக்குத் திரும்பிப் போய் அந்த ஆறு பேரிடம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்தார்கள். டெல்லிக்குத் தகவல் போயிற்று. பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழக சுகாதார மந்திரி எச்.வி. ஹண்டேக்கும் சொன்னார்கள். மே மாதம் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். 1987-ல் 'இந்தியன் ஜர்னல் ஆப் மெடிக்கல் ரிசர்ச்' பத்திரிகையில் கட்டுரையும் வந்தது.

மாணவி, பேராசிரியை, வேலூர் டாக்டர்கள், பிரதமர், மந்திரி, சட்டசபை, கடைசியில் உலகம். இத்தனை பேருக்கும் சொல்லப்பட்டது. ஊசி குத்தியபோது அந்தப் பெண்களிடம் மட்டும், "இது எயிட்சுக்கான சோதனை" என்று சொல்லவில்லை.

இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு நிர்மலாவே ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னது. அந்தப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எயிட்ஸ் என்றால் என்னவென்று சொன்னாலும் புரிந்திருக்காது, வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் நினைத்தார்கள் என்று அவர் சொன்னார்.

"சொன்னால் புரியாது." நம் ஜனங்களுக்கு இது மிகவும் பழக்கமான வார்த்தை. பேங்கில் கேட்டிருக்கிறோம். தாலுகா ஆபீசில் கேட்டிருக்கிறோம். ஏன், ரெயில்வே கவுண்ட்டரில் என்னைப் போன்றவர்களே கூட்ட நேரத்தில் சொல்வதுண்டு. சொல்லிப் பார்த்துப் புரியவில்லை என்றால் சரி. சொல்லாமலே புரியாது என்று முடிவு கட்டினால் அது யாருடைய வசதிக்காக?

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் பூட்டிய கதவுக்குள் இருந்தவர்கள். விளக்கமாகச் சொல்லிக் கேட்டிருந்தாலும், "முடியாது" என்று சொல்லும் நிலையிலா இருந்தார்கள்? வார்டன் அம்மாள் வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் சம்மதம் அல்ல.

ஒரு மாணவியின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் வழக்கம் அப்படித்தான் இருந்தது. ஆனால் விதியே இல்லாத காலமும் அல்ல அது. ஹிட்லர் ஆட்சியில் கைதிகளை வைத்துச் சோதனை செய்த டாக்டர்களை விசாரித்த நூரம்பர்க் கோர்ட்டு, 1947-லேயே, "மனிதனை வைத்துச் சோதனை செய்ய அவனே மனமுவந்து தரும் சம்மதம் கட்டாயம் தேவை" என்ற கருத்தை முதல் விதியாக வைத்தது. உலக மருத்துவர் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் அதை விரிவாக எழுதியது. முறைதவறி நடந்த ஆராய்ச்சிகளைப் பத்திரிகைகள் வெளியிட ஏற்கக் கூடாது என்று 1975-ல் சேர்த்தது. நம்முடைய இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே 1980-ல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டிருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. மயிலாப்பூர் வரை வந்து சேரவில்லை.

தண்டனை முடிந்தும் விடவில்லை

கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, விபசார வழக்கில் பிடிபடும் பெண்களுக்கு ரத்தச் சோதனை செய்வது தமிழ்நாட்டில் வழக்கமாயிற்று. கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. விட்டால் ஊருக்குப் பரவிவிடும் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். அவர்களிடம் போய்விட்டு வந்த ஆண்களைப் பிடித்து அடைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

சியாமளா நடராஜ் என்ற பெண் பத்திரிகையாளர் இதைக் கண்டு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். 1990-ல் ஐகோர்ட்டு அவர்களை விடுவிக்கச் சொன்னது. எதற்காக எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் கொடுத்த ஒரு துளி ரத்தம், ஒருத்தியை வெளியே வரவிடாத பூட்டாக மாறிய கதை இது.

பின்னாளில் சுனிதி சாலமன் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். அரசாங்க வேலையை விட்டு, 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைச் சென்னையில் தொடங்கினார். ஆலோசனை சொல்லி, சம்மதம் வாங்கி, அதன்பிறகு சோதனை செய்யும் இடம். கிருமி உள்ளவர்களுக்குள்ளேயே, வெளியே தெரியாமல், வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நோயாளியின் ரகசியத்தை இவ்வளவு மதித்த ஒருவரின் பெயரோடுதான் அந்த மயிலாப்பூர் ரத்தமும் சேர்ந்து நிற்கிறது. இரண்டும் உண்மை.

பெயர் இல்லை, ஆனால் தெரியும்

அந்த ஆறு பெண்களின் பெயர்கள் வெளியே வரவில்லை. நல்ல காரியம். ஆனால் எந்த ஊர், எப்படிப்பட்ட பெண்கள் என்பது தெரிந்துவிட்டது. ஆறு பேருடைய பெயரை மறைத்ததில், அந்தத் தொழிலில் இருந்த அத்தனை பெண்கள் மேலும் சந்தேகம் விழுந்தது.

மருத்துவப் பத்திரிகைகளில் நோயாளியின் முகத்தைப் போட்டு, கண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டும் பழக்கம் வெகு காலம் இருந்தது. பெற்ற தாய்க்குக் கண்ணை மறைத்தால் மகனைத் தெரியாதா? மூக்கு தெரியும், மோவாய் தெரியும், கழுத்து மச்சம் தெரியும். உலகத்தின் பெரிய மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்கள் கூடி 1995-ல் ஒரு முடிவு செய்தார்கள். கண்ணை மட்டும் மறைப்பது போதாது. ஆளை அடையாளம் காட்டும் எந்த விவரமும், மருத்துவத்துக்கு மிகவும் அவசியம் என்றாலொழிய, அச்சில் வரக்கூடாது. வரத்தான் வேண்டும் என்றால் நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அச்சுக்குப் போகும் கட்டுரையையே அவரிடம் காட்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்னது.

சிகிச்சைக்குக் கொடுக்கும் சம்மதம் வேறு. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் சம்மதம் வேறு. பத்திரிகையில் போடக் கொடுக்கும் சம்மதம் வேறு. ஒரு கையெழுத்தில் மூன்றையும் முடித்துவிடும் ஆஸ்பத்திரிகள் உண்டு என்பதால் இதைத் தனித்தனியாக எழுதுகிறேன்.

சுப்ரீம் கோர்ட்டு 1998-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவருக்குக் கிருமி இருப்பது தெரிந்து, விஷயம் வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டது. ரகசியத்தை வெளியிட்டதாக அவர் வழக்குப் போட்டார். மணப்பெண்ணின் உயிர் பெரிது என்று சொல்லி, ஆஸ்பத்திரி மேல் தவறு இல்லை என்று கோர்ட்டு கூறியது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. வழக்கில் அவருடைய பெயர் "எக்ஸ்". ஆனால் அவர் என்ன படித்தார், எந்த மாநிலத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே அச்சாகி இருக்கிறது. அவருடைய ஊர்க்காரர்களுக்கு "எக்ஸ்" யார் என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

ரெயில்வேக்காரனுக்கு இது உடனே புரியும். ரிசர்வேஷன் சார்ட்டை பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். பெயர், வயது, ஆணா பெண்ணா, பக்கத்து பெர்த்தில் யார் எல்லாம் பிளாட்பாரத்தில் போகிறவன் வருகிறவன் படிக்கலாம். இப்போது பல ஸ்டேஷன்களில் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் மாணவர்களின் பழைய ஆய்வேடுகளிலும் கடைசியில் இப்படி ஒரு சார்ட் இருக்கும். நோயாளியின் பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர், வியாதி என்று வரிசையாக.

கவுண்ட்டரில் கேன்சர் நோயாளிகள் சலுகை டிக்கெட்டுக்கு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் கொண்டுவருவார்கள். பலர் அதைக் கவிழ்த்துத்தான் நீட்டுவார்கள். பின்னால் நிற்பவர் படித்துவிடக் கூடாது. வியாதி வந்தவருக்கு அந்த ஒரு காகிதத்தின் மேல் இருக்கும் கூச்சம், அதை வாங்குகிறவர்களுக்கும் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த ரகசியத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் பெங்களூர்க்காரர். கர்நாடக ஐகோர்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் அட்டைக்கு எதிராக 2012-ல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனிமனித ரகசியம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அவர் 2024-ல் காலமானார்.

வார்டன் போட்ட கையெழுத்து

மயிலாப்பூர் பழைய கதை, இப்போது அப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. 2009-ல் அன்றைய ஆந்திர மாநிலம் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியை ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆராய்ச்சித் திட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் அதில் சேர்ந்திருந்தது. பலர் ஆதிவாசிப் பெண்கள், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். கம்மத்திலும், இதே திட்டம் நடந்த குஜராத்திலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்குக் காரணம் ஊசி அல்ல என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால் சம்மதப் பாரங்களைப் புரட்டியபோது குட்டு வெளிப்பட்டது. ஆந்திராவில் பார்த்த 9,543 பாரங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் ஹாஸ்டல் வார்டன்களின் கையெழுத்து. பெற்றவர்களுக்குப் பதிலாக வார்டன்! 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

அந்த ஊசி நல்ல ஊசி என்று உலகம் முழுவதும் டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். நல்ல மருந்தாக இருந்தால் கேட்டுவிட்டுப் போட என்ன தயக்கம்?

பெங்களூரில் நம் நிலை

நம் ஊரில் விக்டோரியா, பவுரிங், கித்வாய், நிம்ஹான்ஸ், செயிண்ட் ஜான்ஸ் என்று எங்கே போனாலும் தமிழ் காதில் விழும். கட்டட வேலைக்கு வந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் கதை வேறு. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடம் படித்தார்கள். அவர்களிடம் தமிழில் அச்சடித்த பாரத்தைக் கொடுத்தாலும் படிக்க வராது. ஆகவே பாரம் எந்த மொழியில் இருக்கிறது என்பதைவிட, வாயால் யாராவது விளக்கிச் சொன்னார்களா என்பதுதான் முக்கியம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. புது மருந்துச் சோதனைகளுக்கு 2019-ம் ஆண்டு விதிகள் உண்டு. மற்ற ஆராய்ச்சிகளுக்கு 2017-ம் ஆண்டின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நெறிமுறைகள் உண்டு. இது சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி என்று நமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. நடுவில் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். மருந்துச் சோதனையால் கெடுதல் நேர்ந்தால் இலவச வைத்தியமும், நஷ்ட ஈடும் உண்டு. எயிட்ஸ் கிருமிச் சோதனைக்குத் தனிச் சட்டமே 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, கிருமி இருக்கிறது என்பதற்காக ஒருவரை ஒதுக்கி வைக்கக் கூடாது. மயிலாப்பூரில் நடந்த மூன்றுக்கும் இன்று சட்டத்தில் தடை இருக்கிறது.

எங்கள் காலனியில் ஒரு பெரியவர். ரெயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அரக்கோணம் பக்கத்துக்காரர். போன வருஷம் காலில் ஆறாத புண்ணுக்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு டாக்டர் பையன் தன் செல்போனில் புண்ணைப் படம் எடுத்தான். முகத்தையும் சேர்த்து எடுத்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "படிப்புக்குத்தான் தாத்தா" என்றானாம். ஒரு இங்கிலீஷ் பாரத்தில் கைநாட்டும் வாங்கிக்கொண்டான். பெரியவருக்குத் தமிழில் நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைக் கேட்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை மகளும் கூடப் போனாள். "என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றாள். சண்டை போடவில்லை, கேட்டாள். அவ்வளவுதான். கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஒரு நர்சம்மா வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னார். புண் சீக்கிரம் ஆறுகிறதா என்று பார்க்க இரண்டு விதமான கட்டுப் போட்டு ஒப்பிடுகிறார்களாம். ரத்தம் மூன்று தடவை எடுப்பார்களாம். படம் பத்திரிகையில் வரலாமாம்.

பெரியவர் யோசித்தார். கட்டுக்குச் சரி என்றார். ரத்தத்துக்கும் சரி. காலை எடுத்த படத்துக்கும் சரி. முகம் வந்த படத்தை என் கண் முன்னால் அழி என்றார். பையன் முகம் சிவக்க அழித்தான். பழைய பாரத்தைக் கிழித்துவிட்டு, புதுப் பாரத்தில் பெரியவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் போய் வருகிறார்.